கரண்டி எங்கே?

சோபாக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் நண்டு சிண்டெல்லாம் வழி காட்டும். அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது விசாரித்தால் அவர் மனைவியே "யாரு?" என்று முழித்துவிட்டுத்தான் "ஓ, இவரா!" என்பாள்.

முன்னறையில் பட்டறை, பின்னறையில் குடித்தனம், நடுவில் ஒரு திரை. அவ்வளவுதான் வீடு. பசை வாசனையும் ரெக்ஸின் வாசனையும் போர்வை வரைக்கும் ஏறியிருக்கும். கிழிந்த சோபா, தொய்ந்த நாற்காலி, ஸ்பிரிங் குத்துகிற கார் சீட் என்று எது வந்தாலும் பழைய தோலை உரித்து, எலும்பைத் தட்டிச் சரிசெய்து, புதுச் சட்டை மாட்டி அனுப்புவார். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் மோசம். மோசம் என்றால் கெட்ட வார்த்தை பேசுவார் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வாயில் எப்போதும் ஆணி இருக்கும்.

சோபா வேலையில் அது ஒரு பழக்கம். ஒரு கையால் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கையில் சுத்தியல். அப்புறம் ஆணியை எங்கே வைப்பது? ஒரு பிடி குட்டி ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நாக்காலேயே திருப்பி ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிகிறது என்று போய்ச் சொன்னாலும் "ம்" என்பார். தண்ணீர் கொண்டு வரட்டுமா என்றால் "ம்ஹும்" என்பார்.

"இந்த மனுஷன்கிட்ட சண்டை போடணும்னா கூட சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருக்கணும்," என்பாள் மனைவி. "அதுக்குள்ள எனக்குக் கோவமே ஆறிப்போயிடுது."

அவள் வேலை பார்த்தது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். நடக்கத் தெரிந்து பேசத் தெரியாத வாண்டுகளை வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பொம்மைக்கடை என்றாலே அவளுக்கு ஆகாது. "ஒரு கரண்டி, ஒரு மூடி, ஒரு காலி டப்பா குடுங்க, போதும். மிச்சத்த பிள்ளையே பாத்துக்கும். பேட்டரி போட்ட பொம்மை தானே ஆடிட்டுத் தானே நின்னுடும். பிள்ளை சும்மா வேடிக்கைதான் பாக்கும்," என்று கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கல்யாணமாகிக் காத்துக் காத்து ஒரு பெண் பிறந்தாள். உடம்பு ஈர்க்குச்சி, தலை மட்டும் உருண்டை. சோபாக்காரர் பார்த்துவிட்டு, "அசல் குண்டூசி," என்றார். பேர் வைக்கிறவர்கள் வேறு ஏதோ வைத்தார்கள். நிலைத்தது குண்டூசிதான்.

குண்டூசி நடக்கப் பழகிய சமயத்தில்தான் அந்த வேலை வந்தது. கடல் தாண்டி ஒரு குடும்பத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நடுவில் லீவு கிடையாது, இரண்டு வருஷம். வாடகைப் பட்டறையை வீட்டுக்காரர் விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு அறையையும் நாமே வாங்கிவிட்டால் பிறகு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்று இருவரும் பேசிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த பிறகு அவள் அழுதாள். அவர் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்கல்ல?" என்றார்.

"தானே வளர வேணாம். நீங்க வளத்து வைங்க," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வளர்றது ஒண்ணும் பெரிசு இல்ல. நான் திரும்பி வரும்போது என்னைப் பாத்து 'இது யாரு'ன்னு முழிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

அந்த ஒன்றுக்காகத்தான் அவள் ஒரு டேப் பதிவு செய்தாள்.

பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்ய அவர் வைத்திருந்த கறுப்பு டேப் ரெக்கார்டர். முன்பக்கம் முழுக்க வலைத்துணி போட்ட ஸ்பீக்கர். ஒரு மத்தியானம் அதைப் பட்டறைத் தரையில் வைத்து, குண்டூசியை மடியில் உட்கார்த்திக்கொண்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். எடுத்த எடுப்பில் பதிவானது "கொஞ்சம் சுத்தியல நிறுத்துங்களேன்!" என்ற அதட்டல். அதை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றார் அவர். இருக்கட்டும், வீட்டுச் சத்தம்தானே என்று விட்டுவிட்டாள்.

"கரண்டி எங்கே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கி, தத்தித் தத்தித் திரையைத் தாண்டிப் போய், கரண்டியை எடுத்து, வழியில் தொப்பென்று உட்கார்ந்து, எழுந்து வந்து சேரும்வரை டேப் வெறுமனே சுற்றியது.

"என்ன இது, வெறும் டேப் ஓடுது?" என்றார் இவர்.

"அது அவளோட நேரம். நாமளே கேட்டு நாமளே பதிலும் சொல்லிட்டா பிள்ளை எதுக்கு ஓடணும்?" கரண்டி கைக்கு வந்ததும் குரல் மாறியது. "ஆ... என் கெட்டிக்காரி! டம்ளர் எங்கே?"

டம்ளர் வந்தது. செருப்பு வந்தது, அதுவும் ஒற்றைச் செருப்பு. மூக்கு எங்கே என்றதற்குக் குழந்தை தன் மூக்கைத் தேடிக் கண்ணில் குத்திக்கொண்டது. அப்பா எங்கே என்றதும் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது, வாயில் ஆணியோடு அவர் "ம்ம்!" என்றது டேப்பில் பதிந்தது. கடைசியாக, "அம்மா எங்கே?"

குண்டூசி திரும்பி வந்து மடியில் ஏறி, அவள் கன்னத்தில் தன் குட்டிக் கையால் இரண்டு போடு போட்டாள். பட், பட். அவள் பொங்கிச் சிரித்தாள். "இதோ இருக்கேன்டி!" என்றாள். பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். பிறகு அவள் சிரிக்கவில்லை.

அவள் போன பிறகு முதல் வேலையாகச் சோபாக்காரர் வாயில் ஆணி போடுவதை விட்டார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் குண்டூசி உதட்டைக் குவித்துக்கொண்டு, சுத்தியலுக்குப் பதில் மரக்கட்டையை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாள். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் நல்லவேளை, வெறும் நூல் துண்டு. அன்றைக்கே ஆணிகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தார். ஒவ்வொரு ஆணிக்கும் எக்கி எக்கி எடுத்ததில் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தார்.

பிள்ளை வளர்ப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்தான். ஆனால் பட்டறையில் மிஞ்சுவதெல்லாம் விளையாட்டாகும் என்பதை அவர் கண்டுபிடித்தார். வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளைச் செங்கல் போல அறுத்துக் கொடுத்தார். குண்டூசி அவற்றைத் தன் உயரத்துக்கு அடுக்கி, மேலே விழுந்து சரித்து, மறுபடி அடுக்கினாள். விழுந்தால் வலிக்காத செங்கல்! பவுடர் டப்பா மூடியில் ஒரு கீறல் போட்டு, துணி சுற்றிய பெரிய சோபாப் பொத்தான்களைக் கொடுத்தார். காலை முழுக்க அவற்றை உள்ளே போடுவதும், மூடியைத் திறந்து கொட்டுவதும், மறுபடி போடுவதுமாக அவளுக்கு அலுக்கவே அலுக்காது. வெல்வெட், சாக்கு, ரெக்ஸின், கம்பளி என்று எல்லாத் துணியிலும் உள்ளங்கை அளவில் இரண்டிரண்டு வெட்டி ஒரு பைக்குள் போட்டு, "இதுக்கு ஜோடி எங்க?" என்று ஒன்றைக் கையில் கொடுப்பார். கண்ணால் பார்க்காமல் பைக்குள் துழாவி ஜோடியை எடுத்துவிடுவாள். சாக்குத்துணி கைக்குத் தட்டுப்பட்டால் மட்டும் முகத்தைச் சுளித்து "ச்சீ" என்பாள். அவள் பேசிய முதல் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ரெக்ஸின் சுற்றி வந்த நீள அட்டைக் குழாயை நாற்காலியில் சாய்த்து வைத்தால் மேலே போட்ட பந்து கீழே வரும். பந்து குழாய்க்குள் இருக்கிற அந்த நொடியில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே அவர் வேலையை விட்டுவிட்டு வருவார்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சோபா தைக்கிறீரா, பள்ளிக்கூடம் நடத்துறீரா?" என்று கேலி செய்வாள்.

"ரெண்டுலயும் நஷ்டந்தான் அக்கா," என்பார் இவர்.

நஷ்டமாவது ஒன்றாவது! அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றும் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும். அறை முழுக்கப் பஞ்சு பறக்கும். ஜன்னல் வெயில் அதன் மேல் விழும். நடுவில் தலை மட்டும் பெரிதாக ஒரு வாண்டு, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மனைவி இல்லாத இரண்டு வருஷத்தைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று அவருக்கே சில சமயம் வெட்கமாக இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் டேப். அது தவறாது. "கொஞ்சம் சுத்தியல நிறுத்துங்களேன்!" என்று குரல் வந்ததும் குண்டூசி ஓட்டப் பந்தயக்காரி மாதிரி தயாராக நிற்பாள். கரண்டியைக் கொண்டுவந்து ஸ்பீக்கர் முன்னால் வைப்பாள். டம்ளரை வைப்பாள். வளர வளர ஓட்டத்தில் வேகம் கூடிப்போனது. டேப்பில் விட்ட இடைவெளி அதே நீளந்தானே? கரண்டியை நீட்டிக்கொண்டு, பாராட்டு வரும்வரை பெட்டி முன்னால் நெளிந்துகொண்டு நிற்பாள். "கெட்டிக்காரி" வந்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

கடைசிக் கேள்விக்கு ஏறித் தட்டுவதற்குக் கன்னம் இல்லை. குண்டூசி ஸ்பீக்கர் வலைத்துணியைத் தட்டினாள். பட், பட். பெட்டி சிரித்தது. "இதோ இருக்கேன்டி!" என்றது.

முதல் தடவை பார்த்தபோது சோபாக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சபாஷ்!" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொன்னார். சொல்லிச் சொல்லி அதுவும் விளையாட்டில் சேர்ந்துகொண்டது. பெட்டியைத் தட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பிப் பார்த்து, சபாஷ் வாங்கிக்கொண்டுதான் தூங்கப் போவாள். அதில் ஏதாவது தப்பு இருக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் அதிசயம்.

மனைவி திரும்பி வந்த அன்று வீட்டையே துடைத்து வைத்திருந்தார். குண்டூசிக்குப் புதுச் சட்டை. கார் வந்து நின்றதும் எதிர்வீட்டு அக்காவும் ஓடிவந்தாள். பெட்டியும் கையுமாக வாசலில் இறங்கியவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். கண் மட்டும் நேராகக் குழந்தையிடம் போனது. குழந்தை அப்பாவின் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டு, அவர் கைலியை முகத்துக்கு முன்னால் திரையாக இழுத்துக்கொண்டது.

"அடி அசடே, அம்மாடி! போ அம்மாகிட்ட!" என்று அக்கா பிடித்துத் தள்ளப் போனாள்.

"விடுங்கக்கா," என்றாள் அவள். பிள்ளைகளின் குணம் அவளுக்குத் தெரியாதா? கிட்டே வரவில்லை, கையை நீட்டவில்லை. வாசற்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் ஒரு சாவி இருந்ததே! இரண்டு வருஷமாக அங்கே வேறொரு பிள்ளைக்கு வேறொரு பாஷையில் கரண்டி கேட்டபோதெல்லாம் மனசுக்குள் இந்த ஒரு நிமிஷத்தைத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள்.

"கரண்டி எங்கே?" என்றாள்.

கைலிக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி குண்டூசி சிட்டாகப் பறந்தாள். சோபாக்காரருக்கு மனசு குளிர்ந்துபோனது. கரண்டியோடு திரும்பி வந்தவள் வாசல் பக்கம் வரவில்லை. நேராகப் போய்ப் பலகையின் கீழ் இருந்த டேப் ரெக்கார்டருக்கு முன்னால் கரண்டியை வைத்துவிட்டு, பாராட்டுக்காகப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

வாசலில் உட்கார்ந்திருந்தவளின் முகம் வெளிறியது. ஆனாலும் விடவில்லை. டம்ளரையெல்லாம் தாண்டி நேராகக் கேட்டாள். "அம்மா எங்கே?"

பட், பட். குண்டூசி பெட்டியைத் தட்டினாள். தட்டிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சபாஷ்!" என்றார் சோபாக்காரர். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அன்று முழுக்க அவள் துவைத்து மடித்து வைத்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி துவைத்தாள். கடைசியில் கொடியில் துணியை உதறிக்கொண்டே கேட்டாள்: "சபாஷா?"

"சிரிப்பா இருந்துச்சு..." என்று இழுத்தார் அவர்.

"தினமும் சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள், "உங்களச் சொல்லி என்ன. இதோ இருக்கேன், இதோ இருக்கேன்னு பெட்டிக்குள்ள இருந்து கத்திட்டுப் போனவ நான்தானே," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமை. கொண்டுவந்த பொம்மையைக் குழந்தை வாங்கிக்கொள்ளும். கொடுத்த கையைத் தொடாது. சோறு ஊட்டப் போனால் வாயைப் பூட்டிக்கொள்ளும். அவள் பின்னறையில் இருந்தால் இது முன்னறையில். அவள் இங்கே வந்தால் இது அங்கே. சாப்பாடு முடிந்ததும் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு "அம்மா, அம்மா" என்று அதைக் கூப்பிடும். உயிரோடு ஒரு அம்மா நாலடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

சோபாக்காரர் பொறுக்க முடியாமல் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றார்.

"வேணாம். அதத் தூக்கிப் போட்டா அம்மாவத் தூக்கிப் போட்ட மாதிரி அவளுக்கு. ஏற்கெனவே ஒரு தடவை பண்ணியாச்சு," என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் திரும்பிப் போயிடறேன். அவங்க இன்னும் ரெண்டு வருஷம் வரச் சொல்றாங்க. அந்தப் பிள்ளையாவது என்னைப் பாத்தா ஓடி வருது," என்றாள்.

விளையாட்டாகச் சொல்கிற ஆள் இல்லை அவள். அவர் பட்டறையில் வந்து உட்கார்ந்தார். முன்னால் ஒரு பெரிய சோபா, தோலுரிந்து நின்றது. முதுகுப் பக்கம் வெறும் சட்டம். அதன்மேல் மெல்லிய உள்துணி மட்டும் இழுத்துக் கட்டியிருந்தார். அந்தத் துணியைப் பார்த்தார். பெட்டியின் வலைத்துணியைப் பார்த்தார். மறுபடி சோபாவைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரு சோபாவில் வழி இருக்கும்.

மறுநாள் குழந்தை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தபோது டேப் ரெக்கார்டர் அந்தச் சோபாவின் மேல், முதுகுத் துணியை ஒட்டி உட்கார்ந்திருந்தது. உள்ளே டேப் இல்லை. துணிக்குப் பின்னால், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள். சோபாக்காரர் ஒன்றும் தெரியாதவர் போல ஒரு நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்தார். படபடப்பில் ஆணி டப்பாவைக் கையில் எடுத்து, பழைய பழக்கத்தில் ஒரு பிடியை வாயிலும் போட்டுக்கொண்டுவிட்டார். அது அவருக்கே தெரியாது.

"கரண்டி எங்கே?" என்றது பெட்டி.

குண்டூசி ஓடிப்போய்க் கொண்டுவந்து பெட்டி முன்னால் வைத்தாள். நெளிந்தாள். கெட்டிக்காரி வரும் என்று காத்திருந்தாள்.

"இது குட்டிக் கரண்டி. பெரிய கரண்டி எங்கே?"

குழந்தை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷத்தில் பெட்டி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. கரண்டியைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது. சந்தேகத்தோடு உள்ளே போய்க் குழம்புக் கரண்டியை இழுத்துக்கொண்டு வந்தது.

"ஆ... இதுதான்! புதுச் சட்டையா போட்டிருக்க? யாரு வாங்கிக் குடுத்தா?"

குண்டூசி குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டாள். பெட்டிக்குக் கண் இருக்கிறது! சோதித்துப் பார்க்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். யாரும் கேட்காமலே போய் அப்பாவின் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயய்ய, செருப்ப யாரு கேட்டா? சோபா மேல வைக்காத, நாறும்!"

குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து சாக்குத்துணியைக் கொண்டுவந்தாள். "ச்சீ," என்றது பெட்டி, அவள் சொல்கிற மாதிரியே. சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. துணிக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது சோபாக்காரருக்குப் பக்கவாட்டில் தெரிந்தது.

பிறகு மெதுவாக, "அம்மா எங்கே?"

பட், பட்.

பெட்டி பதில் பேசவில்லை. குண்டூசி மறுபடி தட்டினாள். பதில் இல்லை. அவளுக்கு உதடு பிதுங்கத் தொடங்கியது. வலைத்துணியில் காதை வைத்துப் பார்த்தாள்.

"இதோ இருக்கேன்டி..." குரல் பெட்டியில் இல்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்தது.

குழந்தை சோபாவைச் சுற்றிக்கொண்டு போனது. அங்கே தரையில் அந்தப் புது ஆள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை நீட்டவில்லை. குண்டூசி திரும்பவும் முன்பக்கம் வந்து பெட்டியைப் பார்த்தாள். மறுபடி பின்னால் போனாள்.

"அம்மா எங்கே?" என்று உட்கார்ந்திருந்தவள் இன்னொரு முறை கேட்டாள். இந்த முறை வாய் அசைவதைக் குழந்தை பார்த்தது. கிட்டே போய் ஒரு விரலால் அந்த உதட்டைத் தொட்டது. பிறகு, ரொம்ப யோசித்து, கன்னத்தில் தட்டியது. பட். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பட்.

சபாஷ் என்று கத்த வாயைத் திறக்கப் போன சோபாக்காரருக்கு அப்போதுதான் வாய் நிறைய ஆணி இருப்பது தெரிந்தது. கண்ணீர் வழிய, "ம்ம்... ம்ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார்.

"நல்லவேளை ஆணி இருந்துச்சு," என்று அவள் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "இல்லாட்டி அந்த நேரத்துலயும் ஒரு சபாஷப் போட்டு பிள்ளைய மிரட்டி ஓட்டியிருப்பாரு."

அவள் திரும்பிப் போகவில்லை. சம்பாதித்தது போதாமல் பட்டறையையும் வாங்கவில்லை; வீட்டுக்காரரிடமிருந்து அதை வாங்கியவர் நல்ல மனுஷனாக அமைந்தார், வாடகையிலேயே காலம் ஓடிவிட்டது. முன்னறையின் ஒரு மூலையில் அவள் ஸ்பாஞ்சுச் செங்கல்களையும் பொத்தான் டப்பாவையும் பரப்பி வைத்து, தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாள். ஆணி கடைசிவரை உயரப் பலகையிலேயே இருந்தது. சோபாவை விடப் பிள்ளைகளுக்குத்தான் அந்த வீடு பேர்போனது. வாடிக்கையாளர் யாராவது முணுமுணுத்தால், "சோபா நாளைக்கும் கிழியும். பிள்ளை நாளைக்கு வளந்துடும்," என்று அவரே சொல்லுமளவுக்கு மாறிப்போனார்.

குண்டூசி வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். போன மழைக்காலத்தில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். சாகிற வயதில்லை. காய்ச்சல் என்று படுத்தாள், அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, லீவு போட்டுக்கொண்டு குண்டூசி அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். கூடவே அவளுடைய பெண், நடக்கப் பழகி ஊரை இரண்டாக்குகிற வயது. தாத்தா அதற்கு வைத்த பேர் பொத்தான். பரணைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஏறிய குண்டூசி, ரெக்ஸின் சுருள்களுக்குப் பின்னாலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை இறக்கினாள். உள்ளேயே டேப்பும் இருந்தது.

"இது ஓடுமாப்பா?"

"எங்க ஓடப்போகுது," என்றார் அவர் அவசரமாக. ஓடாது என்று அவருக்கு யார் சொன்னது? மனைவியின் குரலைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. அவள் போனதிலிருந்து வீட்டில் அந்தக் குரல் எந்த மூலையிலாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். டேப் அறுந்துபோயிருந்தால்? உள்ளே வெறும் இரைச்சல்தான் மிச்சம் என்றால்?

மகள் விடவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே சுற்றும் ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. அவர்தான் கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு ரப்பர் பேண்டை அளந்து பார்த்துப் பூட்டிக் கொடுத்தார். பெட்டியைப் பட்டறைத் தரையில் வைத்தார்கள். டேப்பை ஓடவிட்டாள் குண்டூசி.

உஸ்ஸென்று ஒரு சத்தம். சுத்தியல் சத்தம். பிறகு, "கொஞ்சம் சுத்தியல நிறுத்துங்களேன்!"

சோபாக்காரர் கையிலிருந்த திருப்புளியைச் சட்டென்று கீழே வைத்தார்.

"கரண்டி எங்கே?"

குழந்தை பெட்டியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. போ, என்று குண்டூசி தலையசைத்தாள். பொத்தான் தத்தித் தத்தித் திரையைத் தாண்டிப் போய்க் கரண்டியோடு வந்து, வழியில் தொப்பென்று உட்கார்ந்து எழுந்தது. கை நீட்டிய அதே நேரம் பெட்டி "ஆ... என் கெட்டிக்காரி!" என்றது. பார்த்துக்கொண்டிருந்து சொன்ன மாதிரியே இருந்தது.

டம்ளர் வந்தது. செருப்பு வந்தது. அப்பா எங்கே என்று கேட்டபோது குண்டூசி எட்டி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "ம்ம்!" என்றது பெட்டிக்குள்ளிருந்து வாயில் ஆணியோடு ஒரு வாலிபக் குரல்.

"அம்மா எங்கே?"

பொத்தான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஓடிவந்து குண்டூசியின் மடியில் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. குண்டூசி ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். இன்னொரு கை தானாக முன்னால் போய் ஸ்பீக்கர் வலைத்துணியைத் தட்டியது. பட், பட். பெட்டிக்குள்ளிருந்தும் அதே சத்தம், குட்டிக் கையால். அப்புறம் பொங்கிச் சிரிக்கிற சிரிப்பு. "இதோ இருக்கேன்டி!"

குண்டூசி பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்த முறை அவர் வாயில் ஆணி இல்லை.

"சபாஷ்," என்றார் அவர், மெதுவாக.